ஸ்டேஜ் ரேஸ் வாரயிறுதியில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

சனிக்கிழமை காலை டைம் ட்ரயல் (தனித்தனியாக நேரம் பார்த்து ஓட்டுவது), சாயங்காலம் கிரிட்டீரியம் (சின்னச் சுற்றில் பல தடவை ஓடும் ரேஸ்), ஞாயிறு காலை மலையில் முடியும் ரோடு ரேஸ். அமெச்சூர் சைக்கிள் ஸ்டேஜ் ரேஸ், அதாவது பல கட்டமாக நடக்கும் பந்தயம், பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் நடக்கிறது. ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் கிடைக்கமாட்டார். கையில் இருப்பது ஆலன் கீ செட்டும் லாட்ஜ் அறையின் டியூப்லைட்டும். அதனால் ஒவ்வொரு கோளாறையும் மூன்று கூடையில் ஒன்றில் போட வேண்டும்: இப்போதே கை வைத்துச் சரிசெய்வது, திங்கட்கிழமைக்குத் தள்ளுவது, ஸ்டார்ட்டுக்கே போகக்கூடாதது.

முதல் சந்தேகம் எப்போதும் பயணத்தின் மேல்தான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய சைக்கிள் காரின் பின்னாலோ பையிலோ வந்தபின் தகராறு செய்தால், கழற்றி மாட்டிய இடங்களில்தான் காரணம் இருக்கும்: ஹேங்கர் (பின் டீரெயிலரைச் சட்டத்தில் தாங்கும் துண்டு), ரோட்டார் (ப்ரேக் தட்டு), சீட் போஸ்ட், கேபிள் உறை. இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு திருகைத்தான் திருப்ப வேண்டும். திருப்பியதும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நாலு திருகைத் திருப்பியவருக்குக் காலையில் எது எதனால் என்று தெரியாது.

## கியர் ஒழுங்காக மாறவில்லை

எல்லாப் பல்சக்கரத்திலும் கடகட என்று சத்தம், மாற ஒரு நொடி தாமதம்

முதலில் கேபிள் உறையைப் பாருங்கள். சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் உறையின் முனை குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பையிலிருந்து எடுத்தபின் இது வெளியே வந்து ஓரத்தில் தொற்றிக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம். தள்ளி உட்கார வைத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

அது சரியாக இருந்தால் பின் டீரெயிலரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) பேரல் அட்ஜஸ்டரை, அதாவது கேபிள் இறுக்கத்தை மாற்றும் திருகை, கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கால் சுற்று. சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் கடிகாரத் திசையில் கால் சுற்று. மூன்று கால் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. திருப்புவதை நிறுத்துங்கள்.

ஏறுவதிலும் தகராறு, இறங்குவதிலும் தகராறு

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஹேண்டில்பாரில் இருக்கும் லீவருக்குள் கேபிள் நைந்துபோயிருப்பது. லீவரின் ரப்பர் மூடியை உரித்து, கியரைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, செல்போன் டார்ச்சை அடித்துக் கேபிளின் தலைப் பக்கம் பாருங்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இழை முடிபோல நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கேபிளின் காலம் முடிந்தது. வெள்ளி கால் சுற்று, சனி கால் சுற்று என்று பேரல் அட்ஜஸ்டர் தினமும் கேட்பது இதன் முன்னறிவிப்பு. அறுந்தால் செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்தில் போய் நின்றுவிடும், மலை ஸ்டேஜ் அங்கேயே முடிந்தது. அதோடு உடைந்த தலை லீவருக்குள் சிக்கினால் எடுப்பதற்குப் பெரும்பாடு. உள் கேபிள் விலை குறைந்த பொருள், இரண்டு வைத்திருங்கள். கேபிள் சட்டத்துக்குள் ஓடும் மாடலாக இருந்தால் பழையதை உருவுவதற்கு முன் மெல்லிய குழாய் ஒன்றை அதன் மேல் செருகி வழி பிடித்துவையுங்கள். செருகாமல் உருவிவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

இன்னொன்று ஹேங்கர் வளைந்திருப்பது. சைக்கிளுக்கு நேர் பின்னால் குந்தி உட்காருங்கள். இரண்டு ஜாக்கி வீலும் (டீரெயிலரில் செயின் சுற்றிவரும் சின்னச் சக்கரங்கள்) அவற்றுக்கு மேலே செயின் ஓடும் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கீழ் ஜாக்கி வீல் ஸ்போக் பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. அளவுகோல் கருவி இருந்தால் ரிம்மின் நாலு திசையிலும் இடைவெளியை அளந்து, வித்தியாசம் 3-4 மி.மீ.-க்குள் வரும்வரை நிமிர்த்தலாம். அலுமினியம் ஒருமுறை நிமிர்த்தினால் தாங்கும், மறுபடி மறுபடி வளைத்தால் ஒடியும். உங்கள் சட்டத்துக்கான ஹேங்கர் கைவசம் இருந்தால் மாற்றுவதே மேல். பக்கத்து ஆளின் ஹேங்கர் உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் என்று நம்பி இருக்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வடிவம்.

கருவியும் இல்லை, மாற்றும் இல்லை என்றால் கடைசிப் பெரிய பல்சக்கரத்தைத் தொடாமல் ஓட்டலாம், தட்டையான பாதையில் மட்டும். மலை ஸ்டேஜில் அந்தக் கியர் இல்லாமல் முடியாது. வளைந்த ஹேங்கரோடு அதில் ஏறினால் டீரெயிலர் ஸ்போக்குக்குள் போகும். டீரெயிலர், சக்கரம், சில நேரம் சட்டம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். இது மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்.

மிதிக்கும் அழுத்தத்தில் மட்டும் செயின் குதிக்கிறது

பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றி, கீழ் ஜாக்கி வீலைப் பாருங்கள். ஒரு கண்ணி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் துள்ளினால் அது இறுகியிருக்கிறது. பக்கவாட்டில் லேசாக வளைத்துத் தளர்த்தி எண்ணெய் விடுங்கள்.

எல்லாக் கண்ணியும் சரியாக இருந்து, நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று பல்சக்கரத்தில் மட்டும் குதித்தால், தேய்ந்த கேசட்டில் (பின் பல்சக்கரத் தொகுப்பில்) புதுச் செயின் மாட்டியிருக்கிறீர்கள். ரேஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை புதுச் செயின் போடும் பழக்கத்தால்தான் இது பெரும்பாலும் வருகிறது. பழைய செயினைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் திரும்ப மாட்டி வாரயிறுதியை முடியுங்கள், கேசட்டைத் திங்கட்கிழமை வாங்கலாம். 11, 12 ஸ்பீடு செயினை, தேய்மான அளவுகோலில் 0.5 சதவீத நீட்சி காட்டும்போதே மாற்றிவிட்டால் கேசட் இந்த நிலைக்கு வராது.

சக்கரம் மாற்றியபின் மட்டும் தகராறு

ரேஸுக்குப் பின்னால் மாற்றுச் சக்கரத்தோடு வரும் வண்டியிலிருந்து வாங்கிய சக்கரத்தில் கேசட் ஒரு மி.மீ. தள்ளி நிற்கலாம். கால் சுற்று, அவ்வளவுதான். ஆனால் 11 ஸ்பீடா 12 ஸ்பீடா, ரோட்டார் 140 மி.மீ.-ஆ 160-ஆ என்பது பொருந்தாவிட்டால் கால் சுற்றால் ஒன்றும் ஆகாது. அந்த வண்டியில் ஏற்றும் உங்கள் மாற்றுச் சக்கரத்தில் ரேஸ் நம்பரோடு இந்த இரண்டையும் டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

## மின் கியர் செத்துவிட்டது

ஸ்ராம் கம்பெனியின் வயர்லெஸ் கியரில் முன் டீரெயிலருக்கும் பின் டீரெயிலருக்கும் ஒரே மாதிரி பேட்டரி. பின்னது தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொண்டு ஓடலாம். டீரெயிலர் விளக்கு பச்சையாக இருந்தும் ஒரு லீவர் மட்டும் பதில் சொல்லாவிட்டால் லீவருக்குள் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரியைப் பாருங்கள். பெட்டிக்கடையிலும் கிடைக்கும். காரில் வரும்போது ஆட்டத்திலேயே இந்த அமைப்பு விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னும், அதனால் பேட்டரியைக் கழற்றி மூடி போட்டுக் கொண்டுவாருங்கள்.

ஷிமானோ கம்பெனியின் மின் கியரான டிஐ2-வில் சார்ஜ் குறையும்போது முதலில் முன் டீரெயிலர் நிற்கும், பின்னது இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். முன் கியர் மாறவில்லை என்றால் அதைக் கோளாறு என்று நினைத்துத் திருகைத் தொடாதீர்கள், சார்ஜரைத் தேடுங்கள். பையில் லீவர் பொத்தான் அழுந்தியபடி இருந்தாலும் முழுச் சார்ஜும் இறங்கியிருக்கலாம்.

## செயின் கழன்று விழுகிறது

உள்பக்கம் விழுந்தால் முன் டீரெயிலரின் உள் எல்லையை வைக்கும் எல் திருகு. செயினைச் சின்னச் செயின்ரிங்கிலும் (முன் பல்சக்கரத்திலும்) பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் வைத்தால், உள் தகட்டுக்கும் செயினுக்கும் அரை மி.மீ. இடைவெளிதான் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் விழுந்தால் வெளி எல்லையை வைக்கும் எச் திருகு. இரண்டும் சரி என்றால் டீரெயிலரின் உயரம்: வெளித் தகடு பெரிய செயின்ரிங்கின் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. இருக்கட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றம் தொடங்கும் இடத்தில் மட்டும் விழுந்தால் காரணம் கால். முழு அழுத்தத்தில் முன் கியரைத் தட்டுகிறீர்கள். ஏற்றத்துக்கு இருபது மீட்டர் முன்பே மாற்றுங்கள்.

ரேஸுக்கு நடுவில் உள்பக்கம் விழுந்தால் உடனே இறங்க வேண்டாம். மெதுவாக மிதித்தபடியே முன் லீவரில் பெரிய செயின்ரிங்குக்குத் தட்டினால் பெரும்பாலும் தானே ஏறிக்கொள்ளும். கிராங்க்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் மட்டும் மிதிக்காதீர்கள், கார்பன் சட்டம் அறுபடும்.

## ப்ரேக்

இதில் மட்டும் வரிசை மாறுகிறது. சத்தம் போடும் ப்ரேக்கோடு ஓட்டலாம். பிடிக்காத ப்ரேக்கோடு கூடாது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40. இறக்கம் இருக்கும் ஸ்டேஜுக்கு முந்தின ராத்திரி ப்ரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிங் டிங் என்று உரசுகிறது

சக்கரத்தின் ஆக்சிலைக் கழற்றி மறுபடி நேராக உட்கார வைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் காலிப்பரின் (ரோட்டாரைப் பிடிக்கும் பாகம்) இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சக்கரத்தின் ஒரு இடத்தில் மட்டும் உரசினால் ரோட்டார் வளைந்திருக்கிறது. சுத்தமான துணி சுற்றிய ஸ்பேனரால் அந்த இடத்தை மட்டும் மெல்ல நிமிர்த்தலாம்.

சக்கரம் கழற்றியபின் பேட் ஒட்டிக்கொண்டது

சக்கரம் இல்லாமல் யாரோ லீவரை அழுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் டயர் லீவரைப் பேடுகளுக்கு நடுவில் விட்டு மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அடுத்த முறை பையில் போடும்போது நடுவில் ஒரு அட்டைத் துண்டு.

கிறீச் என்று கத்துகிறது, பிடிப்பும் குறைவு

எண்ணெய் பட்டிருக்கிறது. ஸ்ப்ரே எண்ணெயைச் செயினுக்கு அடித்தால் ரோட்டாருக்கும் போகும். ரோட்டாரை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த புதுத் துணியால் துடையுங்கள். பேடுக்குள் எண்ணெய் ஊறியிருந்தால் தேய்த்துக் காப்பாற்றுவது அபூர்வம், மாற்றிவிடுங்கள். புதுப் பேடை அப்படியே ரேஸுக்கு எடுத்துப் போகக்கூடாது. முப்பது கி.மீ. வேகத்தில் போய், நடை வேகத்துக்குக் குறைத்து, முழுசாக நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படி இருபது தடவை செய்து பேடைப் பழக்குங்கள்.

லீவர் ஹேண்டில்பார் வரை வருகிறது

பேடின் தடிமனைப் பாருங்கள். உரசும் பொருள் அரை மி.மீ.-க்கு வந்திருந்தால் மாற்றுங்கள். பேட் நன்றாக இருந்து, லீவரை நாலு தடவை அமுக்கியபின் இறுகினால் உள்ளே காற்று. ஹோஸ் முனையிலோ காலிப்பரிலோ ஈரம் தெரிந்தால் கசிவு. காற்று எடுக்கும் வேலையை முதல் தடவையாகச் சனிக்கிழமை ராத்திரி செய்ய வேண்டாம். எண்ணெயும் முக்கியம்: ஷிமானோவுக்கு மினரல் ஆயில், பெரும்பாலான ஸ்ராம் ரோடு ப்ரேக்குகளுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் வீங்கி முழு ப்ரேக்கும் வீண். மெக்கானிக் கிடைத்தால் கொடுங்கள், கிடைக்காவிட்டால் மலை ஸ்டேஜின் ஸ்டார்ட்டுக்குப் போகாதீர்கள். பின்னால் வருபவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ரிம் ப்ரேக்கும் கார்பன் ரிம்மும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறும், அதற்குள் லேடெக்ஸ் ட்யூப் இருந்தால் வெடிக்கலாம். மலை ஸ்டேஜுக்குச் சாதாரண பியூட்டைல் ட்யூபும் கார்பன் ரிம்முக்கான பேடும் போடுங்கள். அமுக்கியே வைத்திருக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

## ஒரே சக்கரம் திரும்பத் திரும்பப் பங்க்சர்

ட்யூப் மாற்றினீர்கள், காரணத்தை எடுக்கவில்லை. டயரைப் போடும்போதே கம்பெனிப் பெயரை வால்வுக்கு நேராக வைத்துப் போட்டால், ட்யூபில் ஓட்டை எங்கே இருக்கிறதோ டயரிலும் அங்கேயே தேடலாம். ஓட்டையின் இடம் காரணத்தைச் சொல்லும்.

வெளிப்பக்கம் ஒரு ஓட்டை: முள், கண்ணாடி, அல்லது வெடித்த லாரி டயரிலிருந்து வந்த எஃகுக் கம்பி. கடைசியது தலைமுடி தடிமன்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலில் குத்தும். டயரின் உள்ளே பஞ்சைத் தேய்த்துக்கொண்டே போங்கள், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். ரிம் பக்கம் ஓட்டை: ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை: காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறீர்கள். வால்வின் அடியில் கிழிசல்: பம்பை வளைத்துப் பிடித்து அடித்திருக்கிறீர்கள்.

டயரில் வெட்டு இருந்தால் பழைய டயரின் துண்டை உள்ளே வைத்து வீடு சேரலாம். அதை வைத்துக்கொண்டு இறக்கம் இறங்காதீர்கள், டயரை மாற்றுங்கள்.

ட்யூப்லெஸ் என்றால் முதலில் வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். நம் வெயிலில் சீலன்ட் (உள்ளே ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவம்) இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். 28 மி.மீ. டயருக்கு 40 மி.லி. போதும். ஹூக்லெஸ் ரிம்மில் (டயரைப் பிடிக்கும் கொக்கி ஓரம் இல்லாதது) 5 பாருக்கு மேல், அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றவே கூடாது.

கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பிய சக்கரம் மறுநாள் காலை தொளதொள என்று இருந்தால் பயப்படாதீர்கள். அந்த வாயு ட்யூபின் ரப்பர் வழியே வேகமாகக் கசியும். முழுசாக இறக்கிவிட்டுப் பம்பால் சாதாரணக் காற்று நிரப்புங்கள்.

## கிறீச், டக் டக்

எழுந்து நின்று மிதித்தால் மட்டும் சத்தம் நிற்கிறதா? சீட் போஸ்ட் அல்லது சீட்டின் கம்பி. மிதிக்காமல் ஹேண்டில்பாரை இழுத்தாலே வருகிறதா? ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) அல்லது ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்). மிதிக்கும்போது ஒரு காலில் மட்டும் வருகிறதா? க்ளீட் (ஷூவின் அடியில் பெடலில் மாட்டும் துண்டு), பிறகு பெடல். எதிலும் அடங்காவிட்டால் ஆக்சில், செயின்ரிங் போல்ட், கடைசியாக பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங்). பாட்டம் பிராக்கெட்டைத் திங்கட்கிழமைக்குத் தள்ளலாம், சத்தத்தால் யாரும் தோற்பதில்லை.

ஸ்டெம் பக்கம் வரும் சத்தத்தைத் தள்ளாதீர்கள். கழற்றிப் பார்த்து, விரிசல் இல்லை என்றால் அதில் எழுதியிருக்கும் அளவுக்கு, வழக்கமாக 5 நியூட்டன் மீட்டருக்கு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கார்பன் சீட் போஸ்ட் இறங்குகிறது என்றால் க்ரீஸைத் துடைத்துவிட்டுக் கார்பன் பேஸ்ட். இன்னும் இறுக்கினால் பிடிக்கும் என்று நினைத்தால் நசுங்கும்.

மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரின் எண் இருபது முப்பது வாட்ஸ் தள்ளி நிற்கிறதா? பயணத்துக்குப் பின் ஜீரோ ஆஃப்செட் (அழுத்தம் இல்லாத நிலையைப் பூஜ்யமாக்குவது) செய்யவில்லை. வெளியே நிறுத்தி, அந்த வெப்பநிலைக்கு வந்தபின் செய்யுங்கள்.

## இரண்டாம் நாள் கால் ஓடவில்லை

கால் கனம், நாடித்துடிப்பு ஏறமாட்டேன் என்கிறது

பெரும்பாலும் சாப்பாடு. ஸ்டேஜ் முடிந்து முதல் நாலு மணி நேரத்தில், ஒவ்வொரு மணிக்கும் உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 1 கிராம் மாவுச்சத்து வேண்டும். 65 கிலோ ஆளுக்கு மணிக்கு 65 கிராம்: வெந்த சோறு 230 கிராம், அல்லது நடுத்தர வாழைப்பழம் ஒன்றும் பெரிய டம்ளர் ஜூஸும். சாயங்காலம் கிரிட்டீரியம் இருக்கும் நாளில் மதியம் படுத்துத் தூங்கிவிட்டு நாலு மணிக்குச் சாப்பிடுபவர்தான் மறுநாள் மலையில் நிற்கிறார். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் போதும்.

சாப்பாடு சரி, ஆனால் காலையில் படுக்கையிலேயே நாடி வழக்கத்தைவிட பத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு: காய்ச்சல் பாருங்கள். இருந்தால் ஸ்டார்ட் கிடையாது.

வயிறு கலங்குகிறது

எனர்ஜி ஜெல்லை இனிப்புப் பானத்தோடு குடித்திருப்பீர்கள். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வரை பெரும்பாலோர் தாங்குவார்கள், 90 என்பது பயிற்சியில் பழகிய வயிற்றுக்கு மட்டும். ரேஸ் காலையில் நெய்ப் பொங்கல் வேண்டாம், இட்லி போதும், ஸ்டார்ட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு.

முழங்கால் வலி

முன்பக்கம் வலித்தால் சீட் இறங்கியிருக்கலாம், பின்பக்கம் என்றால் ஏறியிருக்கலாம். சீட் போஸ்ட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். க்ளீட் போல்ட்டையும் பாருங்கள். வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் ஓட்டாதீர்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையும் நீர்வற்றிய உடம்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் நேராக ஆஸ்பத்திரி.

வெயிலில் தலை சுற்றல், புல்லரிப்பு, பேச்சுக் குழறல்

தலை சுற்றலோடு நின்றால் இறங்கி நிழலில் உட்கார்ந்து ஓஆர்எஸ் குடியுங்கள், ஒரு பாக்கெட்டுக்கு அதில் எழுதிய அளவுத் தண்ணீர்தான், கெட்டியாகக் கலக்காதீர்கள். பேச்சு குழறினாலோ ஆள் எங்கே இருக்கிறோம் என்று தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். 108-ஐக் கூப்பிட ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் உடனே உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள், ஐஸ் இருந்தால் வையுங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

## விழுந்து எழுந்தபின்

முதலில் ஆள். தலை அடிபட்டதா, எந்த ஸ்டேஜ் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறாரா? குழப்பம், வாந்தி, தலைவலி, விழுந்தது நினைவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் ரேஸ் முடிந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரே சொன்னாலும் சைக்கிளைக் கையில் கொடுக்காதீர்கள். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரும், அன்று ராத்திரி தனி அறையில் படுக்கவிடாதீர்கள். தோள் எலும்பு புடைத்திருந்தாலோ கையைத் தூக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. சிராய்ப்பை ஓடும் தண்ணீரும் சோப்பும் விட்டு மணல் போகக் கழுவி, ஒட்டாத கட்டுத் துணி போடுங்கள். டிடி ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சைக்கிள். ஹேண்டில்பார் நேரா, லீவர் உள்ளே திரும்பியிருக்கிறதா, சக்கரம் சட்டத்தில் உரசாமல் சுற்றுகிறதா, ஹேங்கர். கார்பனில் பெயின்ட் கீறலா விரிசலா என்று நகத்தால் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் சந்தேகம். காசால் தட்டினால் சுற்றிலும் கணீர் என்று கேட்டு அங்கே மட்டும் மொத் என்று கேட்டாலும் சந்தேகம். ஃபோர்க், ஸ்டீரர் (ஃபோர்க்கின் மேல் குழாய்), ஹேண்டில்பார் இந்த மூன்றில் சந்தேகம் என்றால் ஓட்டக்கூடாது. கார்பன் பழுது பார்ப்பவரிடம் காட்டியபின்தான். ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அதை மறுநாள் மாட்டாதீர்கள், யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.